அருள்மிகு கெவிரா

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுப்பேன். கடைக்கு நேர் எதிரே, முன்பு உரக்கடை இருந்த கட்டிடத்தில், 'மலைவாழ் மக்கள் மரபுப் பெயர்ப் பாதுகாப்பு வாரியம்' நடக்கிறது. போர்டு கட்டிடத்தைவிட நீளம். இரண்டு தகரத் துண்டாக லாரியில் வந்தது, பெரிய பெரிய போல்ட் போட்டு முறுக்கினார்கள். அளவு பார்க்க யாருக்கும் தோன்றாததால் 'வாரியம்' என்ற துண்டு மட்டும் பக்கத்துப் பேக்கரியின் நெற்றியில் போய் உட்கார்ந்துவிட்டது. பேக்கரிக்காரர் சண்டைக்குப் போகவில்லை. அதற்குக் கீழே 'சூடான பப்ஸ்' என்று எழுதிக்கொண்டார்.

மலையில் பிறக்கிற குழந்தைக்கு வைக்கும் பெயர் உண்மையிலேயே மலைப் பெயர்தானா என்று பார்த்துச் சொல்வதுதான் வாரியத்தின் வேலை. 'பொருத்தம்' என்று அவர்கள் முத்திரை குத்தினால்தான் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறும். அதுவரை குழந்தை வெறும் 'ஆண்', அல்லது வெறும் 'பெண்'. எங்கள் மலையில் அப்போது ஏகப்பட்ட 'பெண்'கள் பெயரில்லாமல் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

தலைவர் ஈஸ்வரமூர்த்தி கடலூர்ப் பக்கத்துக்காரர். மலைப்பாதை அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. எழுபது கொண்டை ஊசி வளைவையும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஏறி வருவார். ஜீப்பை விட்டு இறங்கியதும் முதல் காரியமாக என் கடை ஓரத்தில் வாந்தி எடுப்பார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, எங்கள் பண்பாட்டைக் காப்பாற்றப் போவார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவுவது நான். அந்த வாரியத்தின் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பு அங்கேதான் ஆரம்பித்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். வாழவந்தி நாட்டு யுவராஜ் ஒரு காலை நேரத்தில் வண்டியை என் கடை முன்னால் நிறுத்தினான். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிற பையன், முப்பதுக்குள் இருப்பான். பின்னால் அவன் பெண்டாட்டி அம்சவேணி, மடியில் குழந்தை.

"அண்ணா, புள்ளைக்குப் பேரு வைக்கோணும். ஆதார் அட்டை ரெண்டு காப்பி போடுங்க" என்றான்.

"என்ன பேருப்பா?"

"கெவிராங்க."

எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. அம்சவேணி சொன்னாள். அவளுக்கு இதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியதும், அஞ்சாம் மாதத்திலிருந்து படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காட்டுவேலை செய்து பழகிய உடம்பு, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் கிடக்கும்? யுவராஜ் போனில் ஒரு கதைத் தொடரைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டான். விண்கப்பல் கதை. தினமும் சாயங்காலம் ஒரு பகுதி வரும். கப்பலில் எங்காவது ஓட்டை விழும், உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், கெவிரா என்கிற பெண் ஸ்பேனரோடு போய் அதை அடைப்பாள். மறுநாள் வேறு இடத்தில் ஓட்டை.

"அதுல என்ன அம்மிணி அப்படிப் பிடிச்சுது உனக்கு?" என்று கேட்டேன்.

அம்சவேணி குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். "அவ ஒண்ணையும் ஒழுக விடமாட்டாங்கண்ணா. பொம்பளப் புள்ள நின்னுச்சுன்னா உம் பேருதான்னு அவகிட்டச் சொல்லியிருந்தேன்."

போட்ட காப்பிக்கு நான் காசு வாங்கவில்லை.

*

வாரியத்தில் குமாஸ்தா ஜான்பீட்டர் பெயரைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷன், ஆனால் முடிவெடுப்பது என்றால் காய்ச்சல் வந்துவிடும். உள்ளே அனுப்பினார். வாரியத்துக்கு போட்டோ எடுத்துக் கொடுப்பவன் என்கிற முறையில் நானும் கேமராவோடு உள்ளே போனேன்.

ஈஸ்வரமூர்த்தி எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்தார். "இது எந்த ஊர்ப் பெயர்?"

"கதையில வர்ற பேருங்க சார். விண்வெளிக் கதை."

"விண்வெளியா? நீ மலையாளுதானே?"

"ஆமாங்க."

"அப்புறம் உனக்கு விண்வெளியில் என்ன வேலை?" தலைவர் வருத்தமாகத்தான் கேட்டார். கோபம் இல்லை. "பாருப்பா, ஊரெல்லாம் மாறிவிட்டது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள். பேரன் பெயர் ஹ்ருத்விக்‌ஷன். எனக்கே வாயில் நுழையாது, சோனு என்றுதான் கூப்பிடுகிறேன். நாங்கள் கெட்டுவிட்டோம், ஒப்புக்கொள்கிறேன். நீங்களாவது கெடாமல் இருக்க வேண்டாமா? நீங்களும் எங்களைப் போல ஆகிவிட்டால், நாங்கள் எதைப் பாதுகாப்பது? இந்த வாரியம் என்ன ஆவது? ஜீப் என்ன ஆவது? கருப்பண்ணன், செங்கோடன், மாதம்மாள்... எவ்வளவு லட்சணமான பெயர்கள். மாதம்மாள் என்று வை. சட்டென்று குத்திக் கொடுத்துவிடுகிறேன்."

"எங்க அம்மாயி பேருங்க அது. நல்ல பேருதான்" என்றாள் அம்சவேணி. "ஆனா நான் சொல்லிட்டனுங்க."

"யாரிடம்?"

"கெவிராகிட்டங்க."

தலைவருக்குப் புரியவில்லை. புரியாத எதையும் கள ஆய்வுக்கு அனுப்புவது வாரியத்தின் வழக்கம். அனுப்பினார்.

*

கள ஆய்வு என்றால் முனைவர் ராஜாமணி. சென்னைக்காரர். மலைவாழ் மக்களின் நம்பிக்கைகளைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். மூன்றையும் அவர்தான் முன்னுரையில் பாராட்டியிருக்கிறார். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கேமராவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாழவந்தி நாட்டுக்கு வந்தார். தலைவரும் எலுமிச்சம்பழத்தோடு பின்னாலேயே வந்தார்.

வீட்டைப் பார்த்ததும் ராஜாமணிக்கு முகம் வாடிவிட்டது. தளம் போட்ட வீடு. பிரிட்ஜ் இருந்தது. அதன்மேல் கம்பளியைப் போட்டு மூடச் சொன்னார். யுவராஜைச் சட்டையைக் கழற்றிவிட்டு மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவன் உள்ளே போட்டிருந்த பனியனில் ஏதோ கிரிக்கெட் அணியின் பெயர் இருந்தது, அதையும் கழற்றச் சொன்னார். குளிரில் அவன் நடுங்கினான். "இயற்கையாக இருக்கிறது, எடுங்கள்" என்று என்னிடம் சொன்னார். எடுத்தேன். வாங்குகிற கூலிக்கு எடுத்துத்தானே ஆக வேண்டும், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கதை கேட்க உட்கார்ந்தார். இங்கேதான் வினை பிடித்தது. படித்த பெரிய மனிதர் கேட்கிறாரே, புரியும்படி சொல்ல வேண்டுமே என்று யுவராஜ் விண்கப்பல், ஆக்சிஜன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்ல ஆரம்பித்தான்.

"அவங்களுக்கு வானத்துலதாங்க ஊடு. ஊடே பறக்கும்ங்க."

ராஜாமணி ரெக்கார்டரை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அப்புறம்?"

"ஊட்டுல ஓட்டை விழுந்துருங்க. காத்தெல்லாம் வெளிய போயிரும். சனங்களுக்கு மூச்சு முட்டும். அந்தக் கெவிரா ஒருத்திதான் போயி அடைப்பாங்க."

"கையில் ஆயுதம் உண்டா?"

"ஒரு இரும்பு வச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் வாயி இருக்கும். திருகுனா மூடிக்கும்."

"இருவாய் இரும்பு" என்று ராஜாமணி தமக்குள் சொல்லிக்கொண்டார். "இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

"இவதாங்க கேட்டது. படுத்திருக்கையில தினமும் சாயங்காலம் காதுல வந்து சொல்லும்ங்க."

"காதில் வந்து?"

"போன்லங்க" என்றாள் அம்சவேணி.

ராஜாமணி ரெக்கார்டரை நிறுத்தினார். "போன் வேண்டாம்மா. அதை வெட்டிவிடுகிறேன். ஆய்வுக்கு உதவாது."

"நெசமாவே போன்லதாங்க வந்துச்சு."

"தங்கள் மரபின் மதிப்பு இவர்களுக்கே தெரிவதில்லை" என்று அவர் தலைவரிடம் சொன்னார்.

அந்த நேரத்தில்தானா குழந்தை அழ வேண்டும்? அம்சவேணி அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். "அழுவாத சாமி. எங் கெவிரா சாமியில்ல? ஒண்ணுமில்ல சாமி."

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைச் சாமி என்போம், பஸ்ஸில் காலை மிதித்தவனையும் 'பாத்து சாமி' என்போம். இது புளியஞ்சோலைக் கோடியில் இருக்கிற குரங்குக்குக்கூடத் தெரியும். மூன்று புத்தகம் எழுதிய ராஜாமணிக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து நின்று செருப்பைக் கழற்றினார்.

"கேட்டீர்களா சார்? சாமி. தாய் தன்னை மறந்து சொல்கிறாள். கெவி என்றால் குகை. ரா என்றால் இரவு. குகையில் இரவில் வாழ்ந்து, காற்றைக் கட்டிக் காத்த ஆதித் தாய்த்தெய்வம். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறாள்."

ஊர்ப் பூசாரி காளியண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மரவள்ளிக் காட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தார். "அப்படி ஒரு சாமி எனக்குத் தெரியாதுங்களே" என்றார்.

"எத்தனை வருஷமாகப் பூசை செய்கிறீர்கள்?"

"எங்க அப்புச்சி காலத்துல இருந்துங்க. இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமுங்களா?"

ராஜாமணி தலைவரின் காதருகே குனிந்தார். "மறைக்கிறார். பெயரைச் சொல்லவே பயப்படுகிறார் என்றால் எவ்வளவு உக்கிரமான தெய்வம் பாருங்கள்." காளியண்ணன் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குத் திரும்பிப் போனார்.

போகும்போது தலைவர் யுவராஜின் தோளைத் தட்டினார். "கவலைப்படாதே. உன் பெயர் மலைப் பெயர்தான். நிரூபித்தாகிவிட்டது." அம்சவேணி அன்று எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். யுவராஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிரிட்ஜின் கம்பளியை எடுத்துவிட்டு, சிரித்தான்.

*

முடிவு தெரிய ஒரு மாதம் ஆனது. இரண்டு பேரும் குழந்தையோடு வந்தார்கள். அம்சவேணி புதுச் சேலை கட்டியிருந்தாள். தலைவரே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதுவே நல்ல சகுனமில்லை.

"யுவராஜ், உன் விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறோம்."

"ஏனுங்க? மலைப் பேருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அதனால்தான். முன்பு அது மலைப் பெயர் இல்லை, அதனால் தர முடியவில்லை. இப்போது அது மலையின் தெய்வப் பெயர். பாதுகாக்கப்பட்ட பெயர். அதை ஒரு சாதாரணக் குழந்தைக்கு வைத்து, நாளைக்கு நீங்கள் 'ஏய் கெவிரா, சாணி அள்ளு' என்று கூப்பிட்டால் மரபு என்ன ஆவது? மக்களிடமிருந்து மரபைக் காப்பாற்றுவதுதான் எங்கள் கடமை. மக்களையும் காப்பாற்ற வேண்டும் என்று விதியில் இல்லை, நான் படித்துப் பார்த்துவிட்டேன். மாதம்மாள் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது."

அம்சவேணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அண்ணா, நான் பேரு வச்சனா, தொலைச்சனா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கட்டிடத்தின் மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

வாரியம் அதோடு விடவில்லை. சிலை வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு வைத்தார்கள். சிமெண்டில் ஒரு அம்மன், தலைக்கு மேல் பறக்கும் குடிசை. கையில் வைக்க 'இருவாய் இரும்பு' எங்கே கிடைக்கும் என்று சிற்பிக்குத் தெரியவில்லை. ராஜாமணி வரைந்து கொடுத்த படத்தை எடுத்துக்கொண்டு ஜான்பீட்டர் ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடைக்காரர் பார்த்த உடனே ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். தெய்வத்தின் ஆயுதம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் ஜான்பீட்டருக்கே ஒரு சந்தேகம் வந்ததாம். ஆனால் அவர் சந்தேகங்களை மேலே அனுப்புகிற பழக்கமில்லாதவர்.

திறப்பு விழாவுக்குச் சிலையை ஒட்டியே மேடை, மைக், பந்தல். 'ஆதித் தாயின் குடிமக்கள்' என்று யுவராஜ் குடும்பத்தை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். குழந்தைக்குக்கூட ஒரு அட்டை குத்தினார்கள். அட்டையில் 'பெண்' என்று இருந்தது.

ராஜாமணி வெகுநேரம் பேசினார். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார். வாந்தி எடுத்த களைப்பு இருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது.

"ஒரு தனிப்பட்ட மகிழ்ச்சியையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சென்ற வாரம் எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இந்த மலை எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. அதற்கு நன்றியாக, பேத்திக்கு கெவிரா என்று பெயர் சூட்டியிருக்கிறோம். எங்கள் ஊர் இந்த வாரியத்தின் எல்லைக்குள் வராததால் எந்தச் சிக்கலும் இல்லை."

கைதட்டினார்கள். அம்சவேணி குழந்தையை யுவராஜின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். மேடைப் படியில் ஏறும்போது பந்தல் கம்பியில் மாட்டி, கொண்டை அவிழ்ந்துபோயிற்று. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எம் புள்ள பேர எடுத்துப் பொம்மைக்கு வச்சீங்க. பொறுத்துக்கிட்டேன். இப்ப உங்க ஊட்டுப் புள்ளைக்கும் வச்சுட்டீங்க. பெத்தவ நான் என்னன்னு சொல்லிக் கூப்புடறது? அட்டையில இருக்கறதச் சொல்லிக் கூப்புடவா?" மைக் அவள் குரலை மலை முழுக்கக் கொண்டுபோயிற்று. உடம்பு ஆடியது. "மூணு வருசம் தவங்கெடந்து பெத்தது. எஞ் சாமி பேருடா அது. குடுத்துரு."

ராஜாமணி இரண்டு கையையும் தூக்கினார். "அம்மன் இறங்கிவிட்டாள்."

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. அந்தப் புள்ளைக்குக் கோவம்" என்று காளியண்ணன் கீழேயிருந்து சொன்னார். அவர் கையில் மைக் இல்லை.

தலைவருக்கு வெலவெலத்துவிட்டது. அவிழ்ந்த கூந்தலோடு நிற்கிறவளிடம் என்ன கொடுக்க வேண்டும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? பையில் கைவிட்டார். வழியெல்லாம் மோந்து மோந்து வந்த எலுமிச்சம்பழம் இருந்தது. இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். "உத்தரவு தாயே. பெயர் வந்து சேரும்."

அம்சவேணி அந்தப் பழத்தைப் பார்த்தாள். அது எதற்கானது என்று செம்மேட்டில் எல்லோருக்கும் தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் தட்டிவிட்டாள். சிலையின் கையிலிருந்த ஸ்பேனரை உருவிக்கொண்டு கீழே இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. ஆயுதம் உடையவளிடம் போய்ச் சேர்ந்ததாக ராஜாமணி மைக்கில் விளக்கினார்.

*

தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு, ஆகவே அவர்கள் தவறவில்லை. சான்றிதழ் தயார் என்று மழைக்காலம் முடிந்த பிறகு தகவல் வந்தது. அம்சவேணி குழந்தையோடு என் கடையில் உட்கார்ந்தாள். யுவராஜ் போய் வாங்கி வந்தான். லேமினேஷன் போடச் சொல்லி என்னிடம் நீட்டியபோதுதான் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து படித்தோம்.

குழந்தையின் பெயர்: அருள்மிகு கெவிரா அம்மன். தந்தை பெயர்: சுயம்பு. தாய் பெயர்: மேற்படி.

யுவராஜ் ரோட்டைத் தாண்டி ஓடினான். கதவருகே நின்றே ஜான்பீட்டரிடம் பேசினான், எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், அப்பன் நான் இருக்கறனுங்களே."

"தெரியுது யுவராஜ். ஆனா வாரியத் தீர்மானத்துல தெய்வம் சுயம்புன்னு இருக்கு. தெய்வத்துக்கு அப்பா பேரு போட்டா நாளைக்கு யாராவது கேஸ் போட்டுடுவாங்க."

"சாதிச் சான்று வாங்கோணும்ங்களே. நாளைக்குப் புள்ள பள்ளிக்கூடம் போவோணும்."

"அப்பா இல்லாம சாதி எப்படிப்பா வரும்? வேணும்னா ஒண்ணு செய்யி. நீதான் அம்மனோட அப்பான்னு கோயில் நிர்வாகத்துல ஒரு கடிதம் வாங்கிட்டு வா."

"கோயில் நிர்வாகம் யாருங்க?"

"வாரியந்தான்."

யுவராஜ் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "மாதம்மான்னே வச்சிருக்கலாம் அம்சா" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அம்சவேணி பையைத் துழாவினாள். பால் புட்டி, துணி, கீழே அந்த ஸ்பேனர். விழா அன்றிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறது.

"அண்ணா, புள்ளையக் கொஞ்சம் புடிங்க. உங்க ஸ்டூலையும் எடுத்துக்கறேன்."

ரோட்டைத் தாண்டிப் போனாள். வாரியத்தின் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள். துருப்பிடித்த போல்ட், முரண்டு பிடித்தது. முழு உடம்பையும் கொடுத்துத் திருகினாள். யுவராஜ் எழுந்து போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

சத்தம் கேட்டு ஜான்பீட்டர் வெளியே வந்தார். அம்மன் தன் ஆயுதத்தோடு வந்து போர்டைக் கழற்றினால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார்.

கடைசி போல்ட் கழன்றது. 'மலைவாழ் மக்கள் மரபுப் பெயர்ப் பாதுகாப்பு' மொத்தமும் தெருவில் விழுந்தது. பேக்கரியின் நெற்றியில் இருந்த துண்டை அம்சவேணி தொடவில்லை. அங்கே இப்போது 'வாரியம், சூடான பப்ஸ்' என்று மட்டும் இருந்தது.

தகரம் விழுந்த சத்தத்தில் என் கையில் இருந்த குழந்தை மிரண்டு என் சட்டையைப் பிடித்தது.

"கெவிரா" என்றேன். "அங்க பாரு கண்ணு, உங்கம்மா."

கெவிரா திரும்பிப் பார்த்தாள்.